மார்ச் 31இல் மட்டும் கேட்கும் சட்டம்

மதுரையில் பிறந்து, திருச்சி சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியிலும் டெல்லி ஜே.என்.யு.விலும் பொருளாதாரம் படித்த நிர்மலா சீதாராமன் 2019 மே மாதம் நிதியமைச்சரானார். 1969-70இல் இந்திரா காந்தி பிரதமர் பதவியோடு சேர்த்துக் கவனித்த துறை அது. முழுநேரமாக ஏற்ற முதல் பெண் இவர்தான். இவர் காலத்தில் திருப்பூர் ஜாப் ஒர்க்காரர்களை நேரடியாகத் தொட்ட மாற்றம், 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்த 43பி(எச்) பிரிவு.

குறு, சிறு நிறுவனங்களுக்கு 15 நாளில், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. தாமதித்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் யார் போய்க் கேட்பது? நாலு மிஷின் போட்டு நிட்டிங் ஓட்டுபவரும் காஜா பட்டன் அடித்துத் தருபவரும் கம்பெனி மேல் புகார் கொடுத்தால், அடுத்த ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். 43பி(எச்) அந்தப் பொறுப்பை அவர்கள் தலையிலிருந்து இறக்கியது. கெடு தாண்டிய பாக்கியை, அதைக் கொடுத்துத் தீர்க்கும் ஆண்டில்தான் கம்பெனி செலவாகக் காட்ட முடியும். அதுவரை அதற்கும் வரி கட்ட வேண்டும். புகாரே இல்லாமல் கடனாளியை அசைக்கும் இந்த யோசனையை மனமாரப் பாராட்டுகிறேன்.

குறை, பாக்கியைப் பார்க்கும் நாளில் இருக்கிறது. மார்ச் 31 அன்று நிலுவையில் இருப்பதுதான் கணக்கு. ஏப்ரலில் போட்ட பில்லை இழுத்தடித்துப் பிப்ரவரியில் தீர்த்தாலும் வரியில் ஒரு நஷ்டமும் இல்லை. ஜாப் ஒர்க்காரரோ வாரா வாரம் சனிக்கிழமை கூலி போட வேண்டியவர்.

இவர்களுக்கு வேலை கொடுக்கும் ஏற்றுமதியாளர் பக்கமும் நியாயம் உண்டு. வெளிநாட்டு பையர் மூன்று மாதம் கழித்துப் பணம் அனுப்பினாலும் இந்தியச் சட்டம் அவரைத் தொடாது. நடுவில் இருப்பவர்தான் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டும். நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லாததால், சிறியவரை விட்டு அவர்களிடம் வாங்கும் ஆசையும் பிறக்கிறது. 2025 ஏப்ரலில் சிறு நிறுவனத்தின் விற்றுமுதல் வரம்பு 50 கோடியிலிருந்து 100 கோடியானது. நாலு மிஷின்காரரும் 90 கோடி ரூபாய்க்கு விற்பவரும் இன்று ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இது சரியல்ல.

இருந்தாலும் பிரிவையே நீக்கச் சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. 180 நாளில் பணம் தராவிட்டால் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும் என்று ஜிஎஸ்டியில் பில் வாரியாகவே ஒரு விதி இருக்கிறது. 45 நாள் கெடுவையும் அப்படி ஒவ்வொரு பில்லுக்கும் கணக்கிட நிதியமைச்சர் ஏற்பாடு செய்ய வேண்டும்.