கணக்கில் வராத நெளிவுகள்

கடலில் ஒரே மேடையில் நின்று நாலாபுறமும் எண்ணெய்க் கிணறுகளைச் சாய்த்துத் தோண்டுகிறார்கள். அமெரிக்க ஷேல் பாறைகளில் கிணறு கிடைமட்டமாகவே கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது. இந்தத் திருப்பங்களில் பலவும் மட் மோட்டாரின் வேலை.

குழாய் முழுவதையும் மேலிருந்து சுழற்றாமல் அடியில் பாறையை அறுக்கும் முனையான பிட்டை மட்டும் சுழற்றுவதுதான் அதன் சாமர்த்தியம். பிரெஞ்சுக்காரர் ரெனே முவானோ 1930 வாக்கில் வகுத்த பம்பைத் தலைகீழாக இயக்கினால் இந்த மோட்டார். பம்பில் தண்டு சுழன்று திரவத்தைத் தள்ளும். இங்கே குழாய் வழியே அழுத்தத்தோடு இறக்கப்படும் துளையிடும் சேறு தண்டைச் சுழற்றுகிறது. முறுக்கிய எஃகுத் தண்டில் ஐந்து புரி என்றால், அதைச் சுற்றியுள்ள ரப்பர் பதித்த உறையில் ஆறு. அந்த ஒரு புரி வித்தியாசம் உண்டாக்கும் இடைவெளிகளில்தான் சேறு நகர்கிறது. பிட்டுக்குச் சற்று மேலே உறை ஒன்றிரண்டு டிகிரி வளைந்திருக்கும். குழாயை நிறுத்தி அந்த வளைவை வேண்டிய திசைக்குத் திருப்பிவைத்தால் கிணறு வளையும். குழாயையும் சேர்த்துச் சுழற்றினால் ஏறத்தாழ நேரே போகும்.

பலரும் குறை சொல்வது ரப்பரை. வெப்பம் 150 டிகிரியைத் தாண்டினால் சாதாரண ரப்பர் தாங்காது, எண்ணெய்ச் சேற்றில் உப்பும், பிட் இறுகி நின்றால் துண்டுதுண்டாகப் பிய்யும். சேற்றோட்டம் சுழற்றும் விசையாழியால் இயங்கும், ரப்பர் இல்லாத டர்போடிரில்லை சோவியத் பொறியாளர்கள் வளர்த்தெடுத்தார்கள். 12,262 மீட்டர் இறங்கிய, ரஷ்யாவின் கோலா ஆழ்துளையில் அதுவே உழைத்தது. ஆனால் அதற்கு வேகம் அதிகம், முறுக்குவிசை குறைவு. ரப்பர் போனால் மாற்றிக்கொள்ளலாம்.

எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. நிறுத்திய குழாய் துளைச் சுவரில் ஒட்டும், எடை பிட்டுக்குப் போய்ச் சேராது, பாறைத்தூள் அடியில் படியும். அதோடு, நிறுத்தியபோது கூர்வளைவு, சுழற்றியபோது நேர்க்கோடு என்று கிணறு நெளிகிறது. அளவெடுப்பதோ வழக்கமாக 30 மீட்டருக்கு ஒருமுறை. அதில் 10 மீட்டரை மட்டும் நிறுத்தித் தோண்டி 3 டிகிரி வளைத்தால், அறிக்கையில் 30 மீட்டருக்கு 3 டிகிரி என்ற சாதுவான வளைவுதான் பதிவாகும். பாறைக்குள் இருப்பது அதன் மும்மடங்குக் கூர்மை. துளைச் சுவரைத் தாங்கும் எஃகுக் குழாயான கேசிங் இறங்க மறுக்கும்போதும், பின்னர் எண்ணெய் எடுக்கும் பம்பின் தண்டு உரசித் தேயும்போதும் அது தெரியவரும். தோண்டியவர்கள் அதற்குள் அடுத்த கிணற்றுக்குப் போயிருப்பார்கள்.

சுழன்றபடியே வளைக்கும் ரோட்டரி ஸ்டீயரபிள் கருவி 1990களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தும் மோட்டார் ஒழியவில்லை. புதிய கருவியின் வாடகை மிக அதிகம். கிணற்றில் சிக்கினால் இழப்பும் அப்படியே. வசதியுள்ள இடங்களில்கூட அந்தக் கருவிக்கு மேலே மோட்டாரை மாட்டி விசை கூட்டுகிறார்கள். ஆகவே மோட்டாரை விலக்கச் சொல்வது வீண் பேச்சு. தோண்டும்போதே சாய்வைத் தொடர்ந்து அளக்கும் கருவிகள் இருக்கையில், 30 மீட்டர் சராசரியை வைத்துக் கிணற்றுக்குத் தரச்சான்று தருவதைத்தான் நிறுத்த வேண்டும்.