சின்னத்திரைக் கண்ணீரும் சூளை ஊரின் கேள்வியும்

விருத்தாசலத்தில் இல்லச் சந்திப்புக்குச் செல்ல வேண்டுமாயின், பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து பெண்கள் வீடு திரும்பும் வரை காத்திருத்தல் வேண்டும். அந்நேரத்தில் எந்த வீட்டிலும் தொலைக்காட்சி அணைந்திருப்பதில்லை. நம்மைக் கண்டதும் ஒலியைக் குறைப்பார்கள். படத்தை அணைக்க மாட்டார்கள். இதனை ஒரு குறையாகவே பல ஆண்டுகள் மறையுரையில் எடுத்துரைத்தோம். பாராமலே பழித்தல் முறையன்று என்று பின்னர் தோன்றியது. எனவே சில தொடர்களை நாமும் அமர்ந்து பார்த்தோம். இக்கட்டுரை அதன் விளைவு.

அண்மைக் காலத்தில் நம் இல்லங்களை மிகவும் ஆட்கொண்டது ‘எதிர்நீச்சல்’. திருச்செல்வம் இயக்கத்தில் 2022 முதல் 2024 வரை சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தொடர் அது. படித்த பெண்களைத் தேடி மணமுடித்து வந்து, அவர்களுடைய படிப்பை அடுப்படியில் புதைத்துவிடும் ஒரு குடும்பத்தின் கதை. எடுத்துக்கொண்ட பொருள் மெய்யானது. நம் பங்கிலேயே அத்தகைய வீடுகளை எண்ணிச் சொல்ல முடியும். மருமகள்கள் ஒருவரை ஒருவர் பகைக்காமல் ஒருவருக்கொருவர் துணை நிற்பதாகக் காட்டியது, மாமியார் மருமகள் சண்டையிலேயே ஊறிப்போன சின்னத்திரைக்குப் புதிது. இதனை மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆயினும் அத்தொடரில் மக்கள் மனத்தில் நின்றவர் யார்? அப்பெண்களை அடக்கிய ஆதி குணசேகரன்தான். அப்பாத்திரத்தை ஏற்ற ஜி. மாரிமுத்து ஒப்பற்ற நடிகர். 2023 செப்டம்பர் 8 அன்று அவர் மறைந்தபோது, தம் வீட்டார் ஒருவரை இழந்தது போல நம் மக்கள் வருந்தினர். அது அவருடைய கலைக்குக் கிடைத்த மரியாதை. ஆனால் பெண்களை நோக்கி அப்பாத்திரம் வீசிய அதட்டல்கள் கைப்பேசி தோறும் வேடிக்கையாக உலவியதையும் கண்டோம். வெறுப்பதற்கென்று படைக்கப்பட்டவன் சுவைப்பதற்கு உரியவனானான்.

இது புதிய செய்தியன்று. 1984 ஜூலையில் தூர்தர்ஷன் ‘ஹம் லோக்’ என்னும் இந்தித் தொடரைத் தொடங்கியது. குடும்பநலக் கருத்துகளைக் கதைவழி பரப்புதல் அதன் நோக்கம். மெக்சிகோவில் மிகெல் சபீதோ வகுத்த முறையைத் தழுவியது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி நேயர்களோடு உரையாடுவார். அதில் பகவந்தி என்றொரு தாய். வாய் திறவாமல் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் அவளை, பெண்கள் இவ்வாறு இருத்தலாகாது என்பதற்கு எடுத்துக்காட்டாகவே அமைத்தனர். ஆனால் நேயர்களுள் பலர் அவளையே பின்பற்றத்தக்க பெண்ணாகக் கொண்டனர் என்று அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். எழுதியவர் விதைத்தது ஒன்று. பார்த்தவர் அறுத்தது வேறொன்று. மறையுரை ஆற்றும் நமக்கும் இந்த அனுபவம் உண்டு என்பதால் எழுத்தாளரை மட்டும் குறைகூற மனம் வரவில்லை.

தொடர்களின் நீளத்திற்கும் இதில் பங்கு உண்டு. தனியார் தொலைக்காட்சியில் தயாரிப்பாளரே ஒளிபரப்பு நேரத்தை விலைக்கு வாங்கி, விளம்பர நேரத்தை விற்று ஈடுசெய்யும் முறை நெடுங்காலம் நிலவியது. சிக்கல் தீர்ந்தால் கதை முடியும். கதை முடிந்தால் விளம்பரமும் முடியும். ஆகவே வில்லனைத் திருத்தவும் முடியாது, சிறைக்கு அனுப்பவும் முடியாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நாம் பார்த்த தொடர்களில், அடிபட்ட பெண் ஒருத்தி அச்சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலரைத் தேடிச் சென்ற காட்சி ஒன்றுகூட இல்லை. அவள் அழுகிறாள், அல்லது சபதம் செய்கிறாள். மறுநாள் மீண்டும் அழுகிறாள்.

இந்த நீளத்தைப் பயனுள்ளதாக்கிய தொடர் ‘மெட்டி ஒலி’. திருமுருகன் இயக்க, 2002 முதல் 2005 வரை வந்தது. ஐந்து பெண்களைப் பெற்ற தந்தை ஒவ்வொரு திருமணத்திற்கும் எப்படித் தேய்கிறார் என்பதை அது பொறுமையாகக் காட்டியது. டெல்லி குமார் அத்தந்தையாக நடிக்கவில்லை, வாழ்ந்தார் என்றே சொல்ல வேண்டும். வரதட்சணைக்கு எதிராக நாம் ஆற்றிய மறையுரைகள் அனைத்தையும்விட, சம்பந்தி முன் அவர் தலைகுனிந்து நின்ற காட்சிகள் நம் மக்களை அதிகம் தொட்டிருக்கும்.

ஆனால் அத்தொடருக்காக ஊரே கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், 2003 ஜூலையில், நம் ஊருக்கு அருகே புதுக்கூரைப்பேட்டையில் சாதி கடந்து மணந்த இளம் தம்பதியர், பெண்ணின் உறவினராலேயே நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2021 ஆயிற்று. உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்ய 2025 ஆயிற்று. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ நெடுந்தொடர்கள் வந்து போயின. காதலுக்குத் தடையாக அவை காட்டியவை பணம், பழைய பகை, பொறாமை கொண்ட உறவுக்காரி. சாதியின் பெயரைச் சொல்ல அவற்றுக்கு நா எழவில்லை. பெரிய மீசையும் பெரிய வீடும் காட்டி நம்மை ஊகிக்க விட்டுவிடுகின்றன. சொல்லப் போனால், நம் திருமண ஓலைகளின் பின்னணியை அறிந்த நாமும் அதனை உரக்கச் சொன்னவர்கள் அல்லோம்.

சென்ற மாதம் ஓர் அன்பியக் கூட்டத்தில் இதனைப் பேச்சில் எடுத்தோம். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைக்கும் வேலை செய்கிற ஒரு தாய், இறுதி வரை வாய் திறவாமல் அமர்ந்திருந்தார். கூட்டம் கலைந்தபின் நம்மிடம் வந்து சொன்னார்: “சாமி, சீரியல்ல வர்றவனாவது கத்துறான். எங்க வீட்டுல கத்துறதே இல்ல. பொண்ண காலேஜிலேருந்து நிறுத்தணும்னா, ஒரு நாள் பஸ்ஸுக்குக் காசு குடுக்க மாட்டாங்க. அவ்வளவுதான்.”

அக்காசைத் தம் கூலியிலிருந்து தாமே தருவதாகவும், வீட்டில் அது இன்னும் தெரியாது என்றும் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.