ஆற்றின் நினைவா, அணையின் நினைவா? காலத்தொடர் தரவில் ஹர்ஸ்ட் அடுக்கெண்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

காலத்தொடர் தரவுகளில் நீள்நினைவு உண்டா என அறிய ஹர்ஸ்ட் அடுக்கெண் பயன்படுத்தப்படுகிறது. அதன் மதிப்பு 0.5ஐ விஞ்சியதாலேயே நினைவு மெய்ப்பிக்கப்பட்டது எனக் கொள்ளும் வாசிப்பை இக்கட்டுரை மறுக்கிறது. பாலசமுத்திரத்தை அடுத்துள்ள அணையின் நீர்ப்பதிவும் கொடைக்கானல் ஆய்வகத்தின் சூரியப் பதிவும் இம்மறுப்புக்குச் சான்றுகளாக அமைகின்றன. ஹர்ஸ்ட் எழுப்பிய வினா தேக்கத்தின் அளவு பற்றியது. அவ்வினாவுக்கு மீள்வதே பயனுடையது என்பது கட்டுரையின் முடிவு.

குறிச்சொற்கள்: காலத்தொடர், மாறுபாடு, நீள்நினைவு, மறுஅளவீட்டு வீச்சு, பாலாறு-பொருந்தலாறு அணை, கொடைக்கானல் சூரிய ஆய்வகம்

முன்னுரை

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு அருகே மலையடிவாரத்தில் அமைந்த பேரூர் பாலசமுத்திரம். பழனி மலைத்தொடரிலிருந்து இறங்கும் பாலாறும் பொருந்தலாறும் அவ்வூரை அடுத்து 1970களில் கட்டப்பட்ட 65 அடி உயர அணையில் தேக்கப்படுகின்றன. அதே மலைத்தொடரின் மேல், கொடைக்கானலில் 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சூரியனைப் படமெடுத்து வந்துள்ளது. அடிவாரத்தில் நீரின் பதிவு. உச்சியில் ஒளியின் பதிவு. இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்துவிடலாம் என்பதே ஹர்ஸ்ட் முறையின் கவர்ச்சி. அதன் இடரும் அங்கேயே தொடங்குகிறது.

மாறுபாடும் நினைவும்

ஒரு தொடரின் மாறுபாட்டைத் திட்டவிலக்கம் அளக்கிறது. ஆனால் எந்த ஆண்டுக்குப் பின் எந்த ஆண்டு வந்தது என்பதை அது அறியாது. ஓர் எளிய எடுத்துக்காட்டைக் கொள்வோம். எட்டு ஆண்டுகளில் நான்கில் சராசரியை விட ஓர் அலகு மிகுதியாகவும் நான்கில் ஓர் அலகு குறைவாகவும் நீர் வருவதாகக் கருதுவோம். மிகுதியும் குறைவும் மாறிமாறி வந்தால், சராசரியிலிருந்தான விலக்கங்களின் திரள்கூட்டு 1, 0, 1, 0 எனச் செல்லும். அதன் வீச்சு 1. நான்கு நல்ல ஆண்டுகளும் அவற்றையடுத்து நான்கு வறண்ட ஆண்டுகளும் வந்தால் திரள்கூட்டு 4 வரை ஏறிப் பின் 0க்கு இறங்கும். அதன் வீச்சு 4. திட்டவிலக்கம் இரண்டிலும் 1 தான். எனினும் ஆண்டுதோறும் சராசரி அளவு நீரைத் தவறாது வழங்க வேண்டுமாயின், இரண்டாம் நிலையில் நான்கு மடங்கு கொள்ளளவு தேவை.

வீச்சைத் திட்டவிலக்கத்தால் வகுத்துப் பெறுவதே மறுஅளவீட்டு வீச்சு. எகிப்தில் நைல் நதியின் நீரியலைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஹெரால்டு எட்வின் ஹர்ஸ்ட், நீர்த்தேக்கங்களின் நெடுங்காலக் கொள்ளளவு குறித்து 1951இல் வெளியிட்ட கட்டுரையில் இதனைக் கையாண்டார். தொடர்பற்ற தரவுகளில் இவ்வளவு, தரவு எண்ணிக்கையின் இருபடி மூலத்திற்கேற்ப, அதாவது 0.5 என்னும் அடுக்கில் வளர வேண்டும். அவர் ஆராய்ந்த இயற்கைத் தொடர்களிலோ அடுக்கெண் சராசரியாக 0.73 அளவில் அமைந்தது. 1968இல் மாண்டல்பிராட்டும் வாலிஸும் விவிலியத்தை ஒட்டி இதற்கு ‘யோசேப்பு விளைவு’ எனப் பெயரிட்டனர்; பெருவெள்ளம் போன்ற திடீர் உச்சங்களை ‘நோவா விளைவு’ எனப் பிரித்தனர். ஏழு செழிப்பான ஆண்டுகளும் ஏழு பஞ்ச ஆண்டுகளும் தொடர்ந்து வருவது ஒன்று. ஒரே வெள்ளம் அனைத்தையும் அடித்துச் செல்வது வேறொன்று. இப்பிரிவினை இன்றும் பயனுள்ளது.

சிறு தரவின் மயக்கம்

0.5 என்னும் எல்லை மிக நீண்ட தொடர்களுக்கே பொருந்தும். அனிசும் லாய்டும் 1976இல் தொடர்பற்ற இயல்நிலைத் தரவுகளுக்கான மறுஅளவீட்டு வீச்சின் எதிர்பார்ப்பு மதிப்பைத் துல்லியமாக வருவித்தனர். அவ்வாய்பாட்டின்படி கணக்கிட்டால் 10 தரவுகளுக்கு அம்மதிப்பு ஏறத்தாழ 3.02, 50 தரவுகளுக்கு ஏறத்தாழ 7.81. மடக்கைத் தாளில் இவ்விரு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டின் சாய்வு 0.59 ஆகிறது. அதாவது, சிறிதும் நினைவற்ற தொடரே 0.59 என்னும் விடையைத் தருகிறது. 1970களில் எழுந்த அணைக்கு இன்றுள்ள ஆண்டுத் தரவு ஏறத்தாழ 50 மட்டுமே. அதிலிருந்து 0.6 பெறப்பட்டால் அதனை நீள்நினைவு என அறிவிப்பதற்கு அடிப்படை இல்லை.

அடுத்த தடை போக்கு. நீள்நினைவே இல்லாத ஒரு தொடருடன் மெல்லத் தணிந்து செல்லும் போக்கு ஒன்று சேர்ந்தாலும் அடுக்கெண் 0.5ஐ விஞ்சும் என்பதைப் பட்டாச்சார்யா, குப்தா, வேமைர் ஆகியோர் 1983இல் நிறுவினர். குறுநினைவும் சிறு தொடர்களில் இதே தோற்றத்தைத் தரக்கூடும். இக்குறையைக் களையவே ஆண்ட்ரூ லோ 1991இல் திருத்திய அளவையை முன்வைத்தார். எனவே ஒரே எண்ணுக்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம்: மெய்யான நீள்நினைவு, குறுநினைவு, போக்கு, தரவின் சிறுமை. இவற்றுள் எது என்பதை அவ்வெண் தானாகச் சொல்லாது.

அடிவாரத்துப் பதிவு

அணையின் நாள்நீர்மட்டத்தை அப்படியே எடுத்து அடுக்கெண் கணித்தால் மிக உயர்ந்த மதிப்பு கிடைப்பதில் வியப்பில்லை. நேற்றைய நீரின் பெரும்பகுதி இன்றும் அணைக்குள் இருப்பதால் இன்றைய மட்டம் நேற்றைய மட்டத்தை ஒத்திருக்கிறது. மேல்வரம்பை 65 அடி வரையறுக்கிறது; கீழிறக்கத்தை மதகு திறக்கும் முடிவுகள் வரையறுக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் ஓர் ஏற்றத்தைச் சேர்க்கிறது. இவ்வாறு பெறப்படுவது அணையின் நினைவு, ஆற்றின் நினைவன்று. ஆற்றைப் பற்றிப் பேச விரும்புவோர் நீர்வரத்தைக் கொள்ள வேண்டும். பருவச் சுழற்சியை நீக்க வேண்டும்.

உச்சியிலுள்ள பதிவு

கொடைக்கானலின் படத்தொகுப்பு நூறாண்டைக் கடந்தது. எண்ணியல் வடிவிலும் மாற்றப்பட்டுள்ளது. இத்தகைய நெடுந்தொடர் உலகில் அரிது. ஆயினும் சூரியக் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில் பெருகிச் சுருங்குபவை. சுழற்சியை விடக் குறுகிய கால அளவில் அடுக்கெண் உயர்வது அச்சுழற்சியின் ஏற்ற இறக்கத்தால் ஆகும். சுழற்சியைக் கடந்த நினைவை நாடுவோமாயின், நூறாண்டுத் தரவு என்பது உண்மையில் ஒன்பது அல்லது பத்துச் சுழற்சிகளே. ஆயிரக்கணக்கான நாட்பதிவுகள் இருப்பதால் சான்று வலுவானது எனக் கருதுவது பிழை. மேகம் சூழ்ந்த நாட்களின் இடைவெளிகளும் பதிவுப் பொருள் கண்ணாடித் தட்டிலிருந்து படச்சுருளுக்கு மாறியதும் தனியே ஆராயப்பட வேண்டியவை. கருவி மாற்றமும் போக்காகத் தோன்ற வல்லது.

சொல்லும் பொருளும்

‘நினைவு’ என்னும் கலைச்சொல்லும் மயக்கத்துக்கு ஒரு காரணம். தமிழில் நினைவு மனத்தின் செயல்; நினைப்பவர் ஒருவர் உண்டு. கணிதத்திலோ அது காலத்தால் விலகிய மதிப்புகளுக்கிடையேயான ஒட்டுறவு மெதுவாகத் தேய்வதையே குறிக்கிறது. இவ்வேறுபாடு மறக்கப்படும்போது, “ஆறு நினைவில் கொண்டுள்ளது, சென்ற ஆண்டைப் போல இவ்வாண்டும் அமையும்” என்னும் முன்கணிப்பாக அடுக்கெண் உருமாறிவிடுகிறது. அடுக்கெண் உயர்ந்த தொடரிலும் அடுத்த ஆண்டைப் பற்றிய உறுதி மிகச் சிறிதே.

முடிவுரை

இதில் இழப்பு யாருக்கு என்னும் வினா ஆய்வுக்குப் புறம்பானதன்று. இல்லாத நினைவை உண்டெனக் கொண்டால், ஒரு வறண்ட ஆண்டைக் கண்டதும் அடுத்தடுத்த ஆண்டுகளையும் வறட்சி எனக் கருதிப் பாசனத்தைச் சுருக்க நேரும். உள்ள நினைவை இல்லையெனத் தள்ளினால், தொடர் வறட்சியைத் தாங்காத கொள்ளளவையே போதுமெனக் கொள்ள நேரும். இரண்டு பிழைகளின் விலையையும் கொடுப்பவர் கடைமடை உழவர்.

ஆகவே அடுக்கெண்ணை வெளியிடும் ஆய்வு, அதே தரவின் வரிசையை சமவாய்ப்பு முறையில் பலமுறை கலைத்துக் கணித்த மதிப்புகளையும் உடன் தர வேண்டும். கலைத்தல் மாறுபாட்டை அப்படியே வைத்து வரிசையை மட்டும் அழிப்பதால், மூல வரிசைக்கு உரிய பங்கு எவ்வளவு என்பது அப்போது புலப்படும். குறுநினைவு மாதிரியோடு ஒப்பீடும், பருவம், போக்கு, கருவி மாற்றம் ஆகியவற்றின் நீக்கமும், நம்பிக்கை இடைவெளியும் இன்றியமையாதவை. அனைத்திற்கும் மேலாக, நீரியல் ஆய்வுகள் வீச்சையே கன அடியில் தர வேண்டும். எவ்வளவு நீரைத் தேக்கினால் தொடர் வறட்சியைக் கடக்கலாம் என்பதே ஹர்ஸ்ட் கேட்ட வினா. பின்வந்தோர் அடுக்கெண்ணைப் போற்றி அவ்வினாவைக் கைவிட்டனர். பாலசமுத்திரத்து வயல்களுக்கு 0.6 என்னும் எண்ணால் பயனில்லை; அது எத்தனை கன அடி நீரைக் குறிக்கிறது என்பதே அங்குக் கேட்கப்படும் கேள்வி.