அப்பா உட்காரச் சொன்ன இடம்

காஞ்சிப் பட்டுச் சேலையில் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் வைத்து நெய்வதைக் கோர்வை என்கிறோம். இரண்டு நிறத்து ஊடையும் சேரும் இடத்தில் பூட்டிக்கொள்ள மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவரின் இரண்டு கைக்கு அது அடங்காது. தறியின் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித்தர வேண்டும். நெடுங்காலம் அந்த வேலையைப் பெரும்பாலும் பிள்ளைகளே பார்த்தார்கள். சிலர் சொந்த வீட்டுத் தறியில், பலர் அப்பா வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அடுத்தவர் தறியில். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைச் சிறார் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. வேலை நேரம், கூலி, அடி, கடன் எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. தறியில் உட்கார்ந்த பிள்ளையின் மனத்துக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்வது அறிக்கையின் வேலை அல்ல, கதையின் வேலை.

அந்த வேலையைத் தமிழ்த் திரையும் தமிழ் நாவலும் எவ்வளவு தூரம் செய்திருக்கின்றன என்று பார்க்க, ஜப்பானிய அனிமே தொடர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். காரணம் எளிது. எங்கள் காஞ்சிபுரத்தின் ஓரிக்கையிலும் பிள்ளையார்பாளையத்திலும் அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இன்று கைப்பேசியில் பார்ப்பது அவற்றைத்தான். ஜுஜுட்சு கைசென், சோலோ லெவலிங் போன்றவை தமிழ்க் குரலிலேயே வந்துவிட்டன. 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் திரைப்படம் தமிழிலும் திரையரங்குக்கு வந்தது. இவற்றுக்கெல்லாம் மூத்தது, பதின்வயதின் மனக்காயத்தையே கதையாக்கிய நியான் ஜெனிசிஸ் எவாஞ்செலியன். ஹிதேயாகி ஆன்னோ இயக்கத்தில் 1995 அக்டோபர் முதல் 1996 மார்ச் வரை 26 பகுதிகளாக ஒளிபரப்பானது.

அதன் நாயகன் ஷின்ஜிக்குப் பதினான்கு வயது. தாய் இல்லை. தன்னை விட்டுவிட்டுப் போன தகப்பன் திடீரென்று கூப்பிட்டு அனுப்புகிறார். போய் நின்றால், பிரம்மாண்டமான ஓர் எந்திரத்தைக் காட்டி இதில் ஏறிச் சண்டை போடு, இல்லையென்றால் கிளம்பு என்கிறார். பையன் மறுக்கிறான். உடம்பெல்லாம் கட்டுப் போட்ட ஒரு பெண்பிள்ளையைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு வருகிறார்கள். நீ ஏறாவிட்டால் இவள் ஏறுவாள். ஷின்ஜி ஏறுகிறான். இதை விண்வெளிக் கற்பனை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. நீ போகாவிட்டால் தங்கச்சி போவாள் என்ற ஒரு சொல்லில் பள்ளியை விட்ட அண்ணன்கள் நெசவுத் தெருக்களில் உண்டு. அப்பா சொன்ன இடத்தில் உட்கார்ந்தால்தான் அப்பா தன்னைப் பார்ப்பார் என்பதும் உட்கார்ந்த பிறகும் அவர் பார்ப்பது வேலையைத்தான் என்பதும் ஷின்ஜிக்கு வந்த முதல் அறிவு. தொடர் முழுவதும் இந்த அறிவு அவனை எப்படி அரிக்கிறது என்பதுதான் கதை. மற்ற போர்களெல்லாம் அதற்குப் பின்புலம்.

இந்தத் தொடருக்கு முன்பு நான்கு ஆண்டுகள் ஒன்றும் செய்ய முடியாத மனச்சோர்வில் இருந்ததை ஆன்னோவே எழுதியிருக்கிறார். 1995 ஜப்பானுக்கும் இருண்ட ஆண்டு. ஜனவரியில் கோபே நிலநடுக்கம், மார்ச்சில் தோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயுத் தாக்குதல், அதற்கெல்லாம் முன்பே சரிந்துவிட்ட பொருளாதாரம். ஆனாலும் காலத்தைக் காட்டி மட்டும் ஒரு கலையை விளக்கிவிட முடியாது. எவாஞ்செலியனின் சாதனை வடிவத்தில் இருக்கிறது. மின்தூக்கிக்குள் இரண்டு பெண்பிள்ளைகள் பேசாமல் நிற்கிறார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம் அசைவே இல்லை. வெறுப்பும் தயக்கமும் நம் மேலேயே படியும்வரை அந்தச் சித்திரம் நகராது. கடைசி இரண்டு பகுதிகளில் வெளியுலகக் கதையே நின்றுபோய், இருட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் கேள்வி மேல் கேள்வி. அன்றைய ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். கதையை முடிக்காமல் பையனின் மனத்தை முடித்துக் கொடுத்தது சரியான துணிவு என்பது என் எண்ணம்.

இனி நம் பக்கம். கடனுக்கு ஈடாக வேலைக்குப் போகும் பிள்ளை தமிழ்த் திரைக்குப் புதியவன் அல்ல. காதல் கொண்டேன் (2003) வினோத் சிறுவயதில் கொத்தடிமைத்தனத்தில் வதைபட்டவன். வழக்கு எண் 18/9 (2012) வேலு குடும்பக் கடனுக்காக வடநாட்டு முறுக்குப் பட்டறைக்கு அனுப்பப்பட்டவன். அங்காடித் தெரு (2010) இளைஞர்கள் துணிக்கடைக்குள் அடைபட்டவர்கள். மூன்றிலும் காயம் உண்மை. ஆனால் முதல் இரண்டில் அது முன்கதை. வினோத்தின் வதை, அவன் பிறருக்கு ஆபத்தானவனாக மாறுவதற்கான காரணமாகச் சுருங்கிவிடுகிறது. புண்பட்ட பிள்ளையைக் கண்டு பயப்படச் சொல்லிக்கொடுக்கிறது படம். இதில் எனக்கு வருத்தம் உண்டு. இயக்குநர் செல்வராகவனுக்கு அந்தப் பையனின் தனிமை நன்றாகத் தெரிந்திருந்தது என்பதைப் பல காட்சிகள் காட்டுகின்றன.

எங்கள் ஊரையே களமாகக் கொண்ட காஞ்சிவரம், பிரியதர்ஷன் இயக்கி 55ஆவது தேசிய விருதுகளில் சிறந்த படமானது. மகளுக்குப் பட்டுச்சேலை தருவதாக வாக்குக் கொடுத்த நெசவாளி வேங்கடம், நூல் நூலாக வாயில் ஒளித்துத் திருடி அந்தச் சேலையை நெய்கிறார். வேங்கடமாக நடித்த பிரகாஷ்ராஜின் முகத்தில் அந்த ஆண்டுகள் அத்தனையும் தெரிகின்றன. மகள் தாமரையோ, அப்பாவின் வாக்கைச் சுமந்து நிற்கும் உருவமாகவே வளர்கிறாள். அந்தச் சேலையை அவள் விரும்பினாளா, அப்பாவின் ரகசியம் அவளுக்குப் பாரமாக இருந்ததா என்று படம் கேட்கவே இல்லை. நெசவாளியின் துயரத்தைச் சொன்ன படத்திலும் நெசவாளி வீட்டுப் பிள்ளை வாய் திறக்கவில்லை.

பாலு மகேந்திராவின் அழியாத கோலங்கள் (1979) வேறு ரகம். மூன்று பையன்களின் ஆசை, குறும்பு, ஆசிரியை மேல் மயக்கம் எல்லாம் தண்டனை இல்லாமல் காட்டப்பட்ட அபூர்வமான படம். ஒருவன் நீரில் மூழ்கிச் சாகிறான். அதோடு அவர்களுடைய பிள்ளைப் பருவமும் படமும் முடிகின்றன. 2011இல் வந்த அனோஹானா என்ற 11 பகுதி அனிமேயில் ஒரு சிறுமி இதே போல ஆற்றில் விழுந்து இறந்திருக்கிறாள். தொடர் தொடங்குவதோ அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. அவள் தோழன் ஜிந்தா பள்ளிக்குப் போகாமல் வீட்டில் முடங்கிக் கிடக்கிறான், மற்ற நண்பர்கள் ஆளுக்கொரு குற்றவுணர்வோடு சிதறிக் கிடக்கிறார்கள். நம் படம் முடிகிற இடத்தில் அவர்கள் தொடங்குகிறார்கள்.

மாரி செல்வராஜின் வாழை (2024) இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. வாழைத்தார் சுமக்கப் பிடிக்காத சிவனைந்தன், வீட்டின் முன்பணக் கடனுக்காகச் சுமக்கிறான். ஒருநாள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்குப் போகிறான். அன்றைக்குப் போனவர்கள் விபத்தில் சாகிறார்கள். பதின்வயதை எட்டும் பையனின் உள்ளத்தை இவ்வளவு பொறுமையாக அருகிருந்து பார்த்த தமிழ்ப் படம் வேறில்லை. அவன் கழுத்து வலி நமக்கும் வலிக்கிறது. ஆனால் தான் மட்டும் பிழைத்ததை அந்தப் பையன் எப்படிச் சுமந்தான் என்ற அடுத்த பத்தாண்டுக் கதைக்கு இரண்டேகால் மணி நேரத்தில் இடம் இல்லை.

நேரம்தான் தடை என்றால் வலைத்தொடரில் அது தீர்ந்திருக்க வேண்டும். புஷ்கர்-காயத்ரியின் சுழல் (2022) காணாமல் போன பதின்வயதுப் பெண் நிலாவைப் பற்றியது. எட்டுப் பகுதிகள் இருந்தன. ஆனால் நிலாவை நாம் அறிவது போலீஸ் விசாரணை வழியாக. துப்புத் துலங்கத் துலங்க அவள் பட்டது தெரிகிறதே தவிர, அவளோடு சும்மா உட்கார்ந்திருக்க நமக்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்தின் ஆட்டக்காரன் ரெய் பற்றிய மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன் என்ற அனிமே 44 பகுதிகளில் பெரும்பாலும் செய்வது அதைத்தான். குடும்பத்தை விபத்தில் இழந்த பையன் மூன்று சகோதரிகள் வீட்டில் சாப்பிடுகிறான், தூங்குகிறான், கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்குகிறான்.

இப்படிப்பட்ட மனம் ஜப்பானியருக்கே உரியது என்பவர்கள் தமிழ் நாவலைத் திருப்பிப் பார்க்கட்டும். பூமணியின் வெக்கை (1982) கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு காட்டில் அலையும் பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் பயத்தையும் பசியையும் அவன் அருகிலேயே நடந்து சொல்கிறது. சுந்தர ராமசாமியின் குழந்தைகள் பெண்கள் ஆண்கள் (1998) நாவலில் பாலு தன் அப்பாவுக்குப் பயப்படும் பயம் ஷின்ஜிக்கு நன்றாகப் புரியும். பெருமாள்முருகனின் கூளமாதாரி (2000) பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் கூளையனின் உலகை ஆடுகளோடும் மேட்டாங்காட்டோடும் சேர்த்துக் கட்டுகிறது. அடிமைப்பட்ட பிள்ளைக்கும் விளையாட்டும் பொறாமையும் நேசமும் உண்டு என்பதை அது மறக்கவே இல்லை. இப்படிப்பட்ட கதைகளுக்கான தேவையும் இங்கே இருக்கிறது. 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குள் நூற்றில் ஏறக்குறைய ஏழு பேருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது.

ஆக, எழுத்தில் இருப்பது திரைக்கு வர நடுவில் ஒரு படி இல்லை. ஜப்பானில் அந்தப் படி சித்திரக்கதை இதழ். காது கேளாத மாணவியைக் கொடுமைப்படுத்திய பையன் அந்தக் குற்றத்தோடு வளரும் கதை எ சைலண்ட் வாய்ஸ். யோஷிதோகி ஓய்மா முதலில் அதை இதழ்த் தொடராக வரைந்தார். நவோகோ யமதா 2016இல் திரைப்படமாக்கினார். எதிரில் வருபவர் முகங்களின் மேலெல்லாம் பெரிய பெருக்கல் குறி ஒட்டியிருப்பதும் பிறகு ஒவ்வொன்றாக உதிர்வதும் எழுத்தால் மட்டும் சாத்தியமில்லாத, வரைபவருக்கே தோன்றக்கூடிய உளவியல். தமிழுக்கும் சித்திரக்கதை அந்நியம் அல்ல. வாண்டுமாமா எழுதினார். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் புறப்பட்டு, இரும்புக்கை மாயாவி முதல் பல அயல்நாட்டு நாயகர்களைத் தமிழாக்கி, இன்றும் விசுவாசமான வாசகர்களை வைத்திருக்கின்றன. பதின்வயதினருக்கென்று நம் மண்ணின் பிள்ளைகளை வரையும் தொடர் ஒன்றை ஓர் இதழ் மாதந்தோறும் பத்துப் பக்கம் வெளியிட்டாலே போதும். கூளமாதாரியிலிருந்து தொடங்கலாம். படப்பிடிப்புக் குழுவோ கோடிகளோ அதற்குத் தேவையில்லை. ஓர் ஓவியரும் உரிமை தரும் எழுத்தாளரும் ஓராண்டுக்கு அவசரப்படாத ஓர் ஆசிரியரும் இருந்தால் நடக்கும்.