வேகவைத்தால் போதுமா?

எங்கள் திருப்பாலைவனம் பக்கத்தில் பழவேற்காட்டு மீனை வாங்குபவர்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. கெட்ட மீன் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். அப்படியும் ஐயம் இருந்தால், "நன்றாகக் கொதிக்கவிடு, கிருமி செத்துவிடும்" என்பார்கள். 'மேட் கவ்' எனப்படும் பைத்திய மாட்டு நோயைப் பற்றிக் கேட்டால் என் மாணவர்கள் சொல்வதும் இதே விடைதான். அது தவறான விடை. ஏன் என்று பார்ப்போம்.

1986-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட இந்நோய்க்குக் காரணம் பாக்டீரியாவும் அல்ல, வைரசும் அல்ல. மடிப்பு மாறிப்போன ஒரு புரதம். பெயர் பிரியான். உயிரே இல்லாத ஒன்றை எப்படிக் கொல்வது? நம் வீட்டுக் குக்கருக்குள் வெப்பநிலை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ். ஐரோப்பாவில் விலங்குக் கழிவைப் பதப்படுத்த விதித்த அளவோ 133 டிகிரி, 3 பார் அழுத்தம், 20 நிமிடம். அதிலும் பிரியான் பெருமளவு குறையுமே தவிர, அடியோடு அழியும் என்று உறுதி சொல்ல முடியாது.

1990-இல் பிரிட்டனின் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர், பத்திரிகையாளர்கள் முன்னிலையில் தம் சிறு மகளுக்கு மாட்டிறைச்சிப் பர்கரை நீட்டினார். அது வெறும் காட்சி, சோதனை ஆகாது. அறிகுறி தோன்றவே பல ஆண்டுகள் ஆகும் நோயில், இன்று உண்டவர் நாளை நலமாயிருப்பது எதையும் மெய்ப்பிக்காது. மாட்டிலிருந்து மனிதருக்கும் நோய் வந்திருக்கக்கூடும் என 1996 மார்ச்சில் அந்த அரசே அறிவித்தது. மனிதரைத் தாக்கிய அந்நோயால் பிரிட்டனில் 178 பேர் மாண்டனர். 2000-இல் வெளியான பிலிப்ஸ் விசாரணை அறிக்கை, அரசு பொய் சொல்லவில்லை, ஆனால் மக்களுக்குத் தைரியம் சொல்வதிலேயே முனைந்தது தவறு என்றது.

நோயை அடக்கியது எது? தீவனக் கட்டுப்பாடுதான். மாட்டின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்த மாவை மாட்டுக்கே ஊட்டியதால் நோய் பரவியது. 1988-இல் இதற்குத் தடை வந்தது. ஆனால் அதே ஆலைகளில் பன்றி, கோழித் தீவனத்துக்காக அந்த மாவு தொடர்ந்து அரைபட்டது, கலப்பு நிற்கவில்லை. நோயுற்ற மாட்டின் மூளைத் திசு ஒரு கிராம் போதும், மற்றொரு மாட்டுக்கு நோய் வர! 1996-இல் எல்லாப் பண்ணை விலங்குகளின் தீவனத்திலும் தடை விதித்த பின்பே வழி அடைபட்டது. மாட்டின் மூளையையும் தண்டுவடத்தையும் மனித உணவிலிருந்து நீக்கியது மற்றொரு காப்பு.

இந்தியா 2001-இல் இத்தகைய தீவனத்தைத் தடை செய்தது. 2010-இல் உலக விலங்கு நல அமைப்பு நம் நாட்டை மிகக் குறைந்த அபாயமுள்ள நாடுகளின் வரிசையில் சேர்த்தது. 'நமக்கு இது வராது' என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தீவனத்தைக் கண்காணிக்கும் வரைதான் அந்த மதிப்பு நிற்கும்.

மீனின் செவுளைப் பார்க்கத் தெரிந்த நாம், தீவன மூட்டையில் என்ன இருக்கிறது என்றும் கேட்கப் பழக வேண்டாமா?