எழில் நிரல்மொழியில் ‘ஆனால்’, ‘வரை’: ஒரு திறனாய்வு

கணிப்பொறிக்குக் கட்டளை எழுதப் பழகுவோர் முதற்கண் கற்பவை இரண்டு. நிலைமையை ஆராய்ந்து ஒரு வழியைத் தேர்தல் ஒன்று. ஒரு செயலை மீண்டும் மீண்டும் செய்வித்தல் மற்றொன்று. முன்னது நிபந்தனை; பின்னது சுழற்சி. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்னும் பேராசிரியர் இருவர், அறிவியல் பயிலாத மாணவரும் கற்கவேண்டும் என்னும் கருத்தால் பேசிக் மொழியை ஆக்கியபோது, இவ்விரண்டிற்கும் அன்றாட ஆங்கிலச் சொற்களையே எடுத்தாண்டனர். ஆங்கிலச் சிறுவனுக்கு அவை வீட்டுச் சொற்கள். தமிழ்ச் சிறுவனுக்கோ நெட்டுருச் செய்யவேண்டிய குறிகள். இக்குறையை நீக்க எழுந்த முயற்சிகளுள் ஒன்று முத்து அண்ணாமலை ஆக்கிய ‘எழில்’. 2009இல் ஆய்வுரை வாயிலாக அறிமுகமான இம்மொழி பைத்தானைக் கொண்டு கட்டப்பட்டது. முயற்சி நன்று என்பதனால் மட்டும் ஒன்றைப் போற்றிவிடுதல் திறனாய்வு ஆகாது. அதன் சொற்கள் தமிழ் மரபோடு எவ்வளவு இயைகின்றன என ஆராய்வது தமிழாசிரியர் கடனாகும்.

எழிலின் தலையாய சிறப்பு சொற்கிடக்கை முறை. ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னே வரும். நிபந்தனை பின்னே வரும். தமிழிலோ நிபந்தனைப் பொருள் வினையின் ஈற்றில் அமையும். தொல்காப்பியர் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செயின்’ என்பதனையும் வைத்தார். ‘மழை பெய்யின்’, ‘மழை பெய்தால்’ என்பனவற்றில் நிபந்தனை ஈற்றிலேயே நிற்பது காண்க. எழிலிலும் ‘@(மதிப்பெண் >= 40) ஆனால்’ என்று நிபந்தனை முன்னும் சொல் பின்னுமாக எழுதப்படுகிறது. ஆங்கிலச் சட்டத்துள் தமிழ்ச் சொற்களைத் திணிக்காமல், சட்டத்தையே தமிழாக்கியது பாராட்டுக்குரியது. ‘ஆனால்’ என்பது இக்காலத்தில் மறுத்துரைக்கும் இணைப்புச் சொல்லாகவே பெரிதும் வழங்கினும், ‘உண்மையானால்’, ‘அப்படியானால்’ என ஒன்றன்பின் நிற்குங்கால் நிபந்தனைப் பொருளையே தரும். இடம் பொருளைக் காக்கிறது.

‘இல்லை’ என்னும் சொல் இத்துணைச் சிறப்புடையது அன்று. நிபந்தனை பொருந்தாதபோது செய்யவேண்டியதைக் குறிக்க இது வருகிறது. ‘இல்லை’ ஒரு முற்று, மறுத்து முடிப்பது. இவ்விடத்தில் வேண்டுவது முடிக்கும் சொல் அன்று. அடுத்ததற்கு வழிவிடும் ‘இல்லையேல்’ போன்ற எச்சமே. ‘இல்லைஆனால்’ என்னும் மற்றொரு சொல்லோ யகர உடம்படுமெய் இன்றி நிற்கிறது. வகுப்பில் புணர்ச்சி கற்கும் மாணவன், கணிப்பொறியின்முன் அதனை மறக்க வேண்டியவனாகிறான்.

இவையெல்லாம் சிறு குறைகள். ‘வரை’ என்பதில் உள்ளதோ கருத்தையே மாற்றும் இடர். நிபந்தனை மெய்யாக இருக்கும் அளவும் செயலைத் தொடர்க என்பதே எழிலில் அதன் பொருள். தமிழ் வழக்கில் அச்சொல்லுக்குப் பொருள் இரண்டு. ‘உயிர் உள்ள வரை’ என்பதில் அந்நிலை நீடிக்கும் காலம் குறிக்கப்படுகிறது. ‘பொழுது சாயும் வரை’ என்பதிலோ அந்நிகழ்ச்சி வந்ததும் செயல் நின்றுவிடுகிறது. நிலையைக் குறிக்கும் வினையோடு சேரின் ஒரு பொருளும், நிகழ்ச்சியைக் குறிக்கும் வினையோடு சேரின் அதற்கு நேர்மாறான பொருளும் பிறக்கின்றன.

பத்து வாளி கொள்ளும் தொட்டி ஒன்றில் நீர் நிரப்ப வேண்டும் என்று கொள்க. ‘பத்து ஆகும் வரை ஊற்று’ என்று நல்ல தமிழில் நினைக்கும் மாணவன், ‘@(நீர் == 10) வரை’ என்று எழுதுவான். தொடக்கத்தில் நீர் சுழி, நிபந்தனை பொய். ஆதலின் கணிப்பொறி ஒரு வாளியும் ஊற்றாது. அது வேண்டுவது ‘@(நீர் < 10) வரை’ என்பதே. அதாவது ‘பத்திற்குக் குறைவாக உள்ள வரை’. இங்கே பிழை மாணவன் அறிவில் இல்லை. வினையை விட்டு ‘வரை’யை மட்டும் எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியில் இவ்விரு பொருளுக்கும் இரு வேறு சொற்கள் உள. தமிழிலும் ‘உள்ளவரை’, ‘ஆகும்வரை’ எனப் பிரித்து வழங்கத் தடையில்லை.

நிபந்தனை, சுழற்சி, செயற்பகுதி ஆகிய அனைத்தையும் ‘முடி’ என்னும் ஒரே சொல்லால் மூடுவதும் எண்ணத்தக்கது. வினைமுற்று இறுதியில் வரும் தமிழ் மரபுக்கு அது ஏற்றதே. எனினும் ஒன்றனுள் ஒன்றாக மூன்று அமையுங்கால், எந்த ‘முடி’ எதனை முடிக்கிறது என்று தொடக்க மாணவன் திகைப்பான்.

குறைகள் கருதி இம்மொழியை ஒதுக்குதல் தகாது. நிபந்தனையைத் தமிழ் நெறியில் எழுதலாம் என்பதை அது மெய்ப்பித்துவிட்டது. தாய்மொழியில் கற்பதன் பயன், மாணவன் தன் மொழியறிவைத் துணையாகக் கொள்வதே. அவ்வறிவே அவனை வழிதவறச் செய்யுமாயின், அயற்சொல்லை நெட்டுருச் செய்வதே மேல் என்று அவன் எண்ணிவிடுவான். ஆகவே, எழில் கற்பிக்கும் ஆசிரியர், ஒவ்வொரு சுழற்சியையும் எழுதுமுன் ‘உள்ள வரை’ என முழுத்தொடராக வாய்விட்டுச் சொல்லப் பழக்குக. இனிப் புதிய நிரல்மொழி ஆக்குவோர், சொல் தேரும்போது இலக்கண ஆசிரியர் ஒருவரையும் உடன் வைத்துக்கொள்க.