விங்காடாவின் ஏழு மாதங்கள்

2019 ஆசியக் கிண்ணக் காற்பந்துத் தகுதிச் சுற்றின் இறுதிக் கட்டத்தில் மலேசியாவின் முதல் ஆட்டம் 2017 ஜூனில் ஜொகூர் பாரு லார்க்கின் அரங்கில் நடந்தது. எங்கள் பொந்தியானிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். புதிதாக வந்திருந்த போர்ச்சுகீசியப் பயிற்றுநர் நெலோ விங்காடாமீது பெரும் எதிர்பார்ப்பு இருந்தது. லெபனானிடம் 1-2 என்று தோற்றோம். டிசம்பரில் அவர் விலகும்வரை ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை.

அதை வைத்து அவரை ஒன்றும் தெரியாதவர் என்பது அநியாயம். 1996-இல் சவூதி அரேபியாவுக்கு ஆசியக் கிண்ணத்தை வென்று தந்தவர் அவர். 2010-இல் எஃப்சி சோல் அணியைக் கொரிய லீக் வெற்றியாளராக்கினார். எகிப்து, மொரோக்கோ, குவஹாத்தி, மலேசியாவுக்குப் பிறகு கொச்சி என்று அவர் கால் பதித்த இடங்கள் ஏராளம்.

ஆனால் அந்த வெற்றிகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். சவூதி அணி 1994 உலகக் கிண்ணத்திலேயே இரண்டாம் சுற்றை எட்டியிருந்தது. சோல் அணியை அவருக்கு முன் ஷெனோல் கூனெஷ் மூன்று ஆண்டுகள் செதுக்கியிருந்தார். உருவாகி நிற்கும் அணியைக் கடைசிப் படி ஏற்றிவிடுவதில் இத்தகைய நாடு சுற்றும் பயிற்றுநர்கள் கெட்டிக்காரர்கள். பல நாட்டு ஆட்டங்களைப் பார்த்த கண், எதிரணியின் பலவீனத்தைச் சட்டென்று பிடித்துவிடும்.

மலேசியாவில் அடித்தளமே ஆட்டம் கண்டிருந்தது. தேசிய அணிப் பயிற்றுநருக்கு ஆட்டக்காரர்கள் கையில் கிடைப்பதே சில நாள்கள்தான். வட கொரியத் தலைவரின் அண்ணன் கிம் ஜோங் நாம் மலேசியாவில் கொல்லப்பட்ட பின் எழுந்த பயணத் தடையால் வட கொரியாவுடனான இரண்டு ஆட்டங்களும் தாய்லாந்தின் புரிராமுக்கு மாற்றப்பட்டன, இரண்டிலும் 1-4 என்று தோற்றோம். பொந்தியான் கரிமண்ணில் அன்னாசி நட்டவர்கூடப் பழம் பறிக்க ஓராண்டுக்கு மேல் காத்திருக்கிறார். விங்காடாவுக்கு நாம் கொடுத்தது ஏழு மாதம்.

அவருக்குப் பின் பொறுப்பேற்றவர், அவரிடம் துணைப் பயிற்றுநராக இருந்த டான் செங் ஹோ. கெடாவுக்கு 2016 மலேசியக் கிண்ணத்தை வென்று தந்தவர். உள்ளூர் ஆட்டக்காரர்களை நன்கு அறிந்தவர். மறு ஆண்டே ஆசியான் கிண்ண இறுதியாட்டம்வரை அணியைக் கொண்டுபோனார். அதற்கு முன் 2010-இல் அந்தக் கிண்ணத்தை நமக்கு முதன்முதலாக வென்று தந்தவர் நம் கே. ராஜகோபால். 2009 சீ விளையாட்டுத் தங்கம் வென்ற இளைஞர்களையே வளர்த்தெடுத்து அதைச் சாதித்தார். பிள்ளைகளின் பலமும் பயமும் தெரிந்தவரால் முடிந்த காரியம் அது.

வெளிநாட்டுப் பயிற்றுநரே வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஜொகூரின் ஜேடிடி மன்ற அணி 2015-இல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்றது அர்ஜென்டினாவின் மரியோ கோமஸ் தலைமையில்தான். ஆனால் அங்கே பணம், பயிற்சித் திடல், அன்றாடப் பயிற்சி எல்லாம் இருந்தன. தேசிய அணிக்கு அந்த வசதி கிடையாது.

மலேசியக் காற்பந்துச் சங்கம் இனி வெளியிலிருந்து ஒருவரை அழைத்தால், குறைந்தது நான்கு ஆண்டு ஒப்பந்தம் போடட்டும். பொறுப்பை ஏற்கத்தக்க உள்ளூர்த் துணைப் பயிற்றுநர் ஒருவரை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் நிறுத்தட்டும். பொந்தியான் போன்ற சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் தகுதிபெற்ற பயிற்றுநர்களை அனுப்பட்டும்.